பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும்: காவிரிப் படுகைத் திண்ணைப் பள்ளிகளில் சொற்கல்வியும் வாசிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் பயிற்றப்பட்ட பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகியன பெரும்பாலும் கணித வரலாற்றின் சான்றுகளாகவே நோக்கப்பட்டு வருகின்றன. அவை சிறுவர்க்குச் சொற்களையும் சொற்புணர்ச்சியையும் குறியீட்டு வாசிப்பையும் கற்பித்த மொழிப்பாடங்களாகவும் இயங்கின என்பதை இக்கட்டுரை தஞ்சைக் காவிரிப் படுகையை முன்வைத்து நிறுவ முயல்கிறது. பணமும் நெல்லும் கைமாறும் சூழல்களே அப்பாடங்களுக்குப் பொருள் தந்தன. நாணய, அளவை முறைகள் மாறியபோது அச்சொற்கள் பள்ளியிலிருந்து நீங்கிய வரலாறும், அளவைச் சொற்களை வாசிக்கும் ஆற்றல் கூலி நெல் பெற்ற உழைப்பாளருக்கு எட்டாதிருந்ததன் சமூக விளைவும் இதில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, திண்ணைப் பள்ளி, கணக்கதிகாரம், மரக்கால், பண்டமாற்று, தஞ்சாவூர்.

முன்னுரை

திண்ணைப் பள்ளியைப் பற்றிய பொதுக்கருத்துகள் இரண்டு. பொருளறியாது ஒப்புவிக்கும் மனப்பாடக் கூடம் அது என்பது ஒன்று; பத்தொன்பதாம் நூற்றாண்டின் அலுவலர்களும் சமயப் பரப்பாளர்களும் இக்கருத்தைப் பரவலாக்கினர். அழிக்கப்பட்ட பொற்காலக் கல்வி அது என்பது மற்றொன்று. இவ்விரு கருத்துகளும் பள்ளியின் அமைப்பையே பேசுகின்றன; அங்கே சிறுவன் நாவில் புரண்ட சொற்கள் எவை, அச்சொற்களை அவன் பள்ளிக்கு வெளியே எங்கே கேட்டான் என்னும் வினாவை எழுப்புவதில்லை.

கணித வரலாற்றாய்வாளர் த. செந்தில் பாபு திண்ணைப் பள்ளிச் சுவடிகளை விரிவாக ஆராய்ந்து, மனப்பாடம் என்பது பொருளற்ற பயிற்சியன்று, கணக்கிடும் திறனை வளர்த்த முறை என்று காட்டியுள்ளார். பவானி ராமன் கணக்கர்களின் எழுத்துத் தொழிலோடு திண்ணைக் கல்விக்கு இருந்த உறவை விளக்கியுள்ளார். இவ்விரு ஆய்வுகளும் திறந்துவைத்த வழியில் மொழிக்கல்வி என்னும் கோணத்தை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. நெல்லே பண்டமாகவும் பணமாகவும் கூலியாகவும் வழங்கிய தஞ்சைப் பகுதி இவ்வாய்வுக்கு ஏற்ற களமாகும்.

1. நெல் பணமாக வழங்கிய நிலம்

காவிரிப் படுகையின் மாற்று வாணிகத்திற்குத் தொன்மையான இலக்கியச் சான்று உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, வெள்ளுப்பைக் கொடுத்து நெல்லை ஏற்றிவந்த படகுகள் கழியோரத்தில் கட்டப்பட்டிருந்ததைக் காட்டுகிறது. அகநானூற்றின் நெய்தற் பாடல்களில் உமணர் மகளிர் நெல்லுக்கு நேரளவு உப்பு என்று கூவி விற்கின்றனர். நேரளவு என்பது ஒரு மாற்றுவிகிதம். விலையைச் சொல்ல நாணயத்தின் பெயர் அங்கே தேவைப்படவில்லை. அளவையின் பெயரே போதுமானதாக இருந்தது.

சோழர் காலத்தில் இம்முறை நிறுவன வடிவம் பெற்றது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்கும் பிற பணியாளர்க்கும் பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் நூறு கலம் நெல் வழங்க முதலாம் இராசராசன் ஏற்பாடு செய்ததைக் கல்வெட்டு கூறுகிறது. அந்நெல்லை அளக்க ‘ஆடவல்லான்’ என்று இறைவன் பெயரிட்ட மரக்கால் குறிக்கப்பட்டது. அளக்கும் கருவியைப் பெயர் சுட்டி எழுதியதற்குக் காரணம் உண்டு. ‘நூறு கலம்’ என்னும் சொல்லின் பொருள் எந்த மரக்காலால் அளப்பது என்பதைப் பொறுத்தே அமையும். நெல்லை அரிசியாக மாற்றும் விகிதமும் ஒரு சொல்லாயிற்று. ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்பதைக் கல்வெட்டுகள் ‘ஐஞ்சிரண்டு வண்ணம்’ என்றே குறிக்கின்றன.

இவ்வழக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீடித்தது. களத்துமேட்டில் போரடித்த நெல் தூற்றப்பட்டதும் மிராசுதாரின் பங்கு, குத்தகையாளின் வாரம், ஊர்த் தொழிலாளரின் சுதந்திரம், பண்ணையாளின் கூலி எனப் பிரிந்து சென்றது. தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் முதலியோர் ஆண்டு முழுவதும் செய்த பணிக்கு அறுவடையில் நெல் பெற்றனர். உப்பும் மீனும் மண்பாண்டமும் கொண்டுவந்தவர்க்கு வீட்டுப் பெண்கள் முறத்தில் நெல் கொடுத்தனர். நிலவரிக்கும் நகைக்கும் தொலைவாணிகத்துக்கும் பணம் வேண்டியிருந்தது. ஆகவே இப்பகுதிச் சிறுவன் இரண்டு மதிப்பு முறைகளை ஒருசேர அறிய வேண்டியவனாக இருந்தான்: பொன் ஒன்று, நெல் மற்றொன்று. அவன் படித்த இரு தொடக்கச் சுவடிகளின் பெயர்களும் இவையே.

2. திண்ணையில் கற்றமுறை

சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822 சூன் 25இல் எழுதிய குறிப்பின்படி மாவட்ட ஆட்சியர்கள் நாட்டுக் கல்வி நிலையங்களைக் கணக்கெடுத்தனர். தஞ்சாவூர் மாவட்டத்தில் 884 பள்ளிகள் இருந்ததாக அக்கணக்கு காட்டியது. மாகாணம் முழுமைக்குமான தொகையை மன்றோ 1826 மார்ச்சு 10ஆம் நாளைய குறிப்பில் தந்தார்: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். தரம்பால் 1983இல் தொகுத்து வெளியிட்ட இவ்வாவணங்கள் பள்ளிகளின் எண்ணிக்கையையும் மாணவரின் சாதிப் பிரிவையும் அறிய உதவுகின்றன. கற்பிக்கப்பட்டதைப் பற்றி அவை சொல்வது மிகக் குறைவு. அதற்குச் சுவடிகளையும் தன்வரலாறுகளையும் நாடவேண்டும்.

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர், ‘என் சரித்திரம்’ நூலில் தம் இளமைக்காலத் திண்ணைப் பள்ளியின் நடைமுறையை விவரித்துள்ளார். சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகியபின் ஓலைக்கு வந்தனர். சட்டாம்பிள்ளை முன்சொல்ல மற்றவர் பின்சொல்லும் ‘முறை வைத்தல்’ நாள்தோறும் நிகழ்ந்தது. பள்ளி விடும் வேளையில் பூ, பறவை, ஊர் முதலியவற்றின் பெயர்களைச் சிறுவர்க்குச் சொல்லியனுப்பி மறுநாள் திரும்பக் கேட்கும் வழக்கமும் இருந்தது. சொற்பெருக்கத்திற்கென்றே அமைந்த பயிற்சி இது. பெயர்ச்சொற்களை இவ்வாறு ஈட்டிய சிறுவன், அளவைச் சொற்களையும் எண்ணுச்சொற்களையும் இலக்கச் சுவடிகளின் வழியே பெற்றான்.

ஆசிரியரின் வாழ்வும் இம்மாற்று முறைக்குள்ளேயே அடங்கியிருந்தது. பெற்றோர் தந்த சம்பளம் பணமாகவும் தானியமாகவும் அமைந்தது. நவராத்திரியில் மாணவர்கள் கோலாட்டத்துடன் வீடுவீடாகப் பாடிச்சென்று ஈட்டிய தொகை ஆசிரியரைச் சேர்ந்தது. கல்விக்கு ஈடாக நெல் என்பதைச் சிறுவன் தன் வீட்டு வாசலிலேயே கண்டான்.

இப்பள்ளிகளின் ஒருகூறு உலகறிந்தது. சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதுவதையும் மாணவரே மாணவர்க்குக் கற்பிப்பதையும் நாட்டுப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டார். 1797இல் அவர் வெளியிட்ட நூலின் வழியாக அம்முறை ‘மதராசு முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. கற்பிக்கும் முறை கடல் கடந்தது. கற்பிக்கப்பட்ட பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் இங்கேயே தங்கின. பிற்காலத்தவர் முறையை மட்டும் கண்டு ‘வெறும் ஒப்புவித்தல்’ என்று தீர்ப்புரைத்ததற்கு இப்பிரிவும் ஒரு காரணமாகலாம்.

3. பொன்னிலக்கம்: சொல்லாக்கப் பாடம்

பொன்னிலக்கம் எண்களின் பெயரையும் குறியீட்டையும் வரிசையாகத் தரும் சுவடி. முழுவெண்களோடு பின்னங்களுக்கும் அதில் முதன்மையான இடம் உண்டு. முந்திரி (1/320) முதல் ஒன்று வரையிலானவை மேல்வாயிலக்கம். முந்திரிக்குக் கீழானவை கீழ்வாயிலக்கம். முந்திரியில் முந்திரியாகிய கீழ்முந்திரி 1/1,02,400 ஆகும்.

இப்பின்னப் பெயர்களை மொழி நோக்கில் காணும்போது அவை தற்செயலான பட்டியலாக இல்லை என்பது புலனாகும். முந்திரி, காணி (1/80), மா (1/20), கால், அரை ஆகிய சில அடிச்சொற்களே அடிப்படை. ஏனைய பெயர்கள் அவற்றின்மேல் அடை சேர்த்து ஆக்கப்பட்டவை. அரைக்காணி 1/160, முக்காணி 3/80, அரைமா 1/40, இருமா 1/10, மும்மா 3/20, நாலுமா 1/5, அரைக்கால் 1/8, முக்கால் 3/4. இவற்றுள் மாகாணி குறிப்பிடத்தக்கது. மாவும் காணியும் கூடியது மாகாணி. ஒரு மா எண்பதில் நான்கு. ஒரு காணி எண்பதில் ஒன்று. கூட்ட எண்பதில் ஐந்து, அதாவது 1/16. மாகாணியின் மதிப்பும் அதுவே. சொல்லைப் பிரிப்பவன் கூட்டல் கணக்கைச் செய்துவிடுகிறான். கூட்டலைச் செய்பவன் சொல்லை ஆக்கிவிடுகிறான்.

ஆகவே பொன்னிலக்கத்தை முறைவைத்த சிறுவன் இரு, மு, நாலு, அரை ஆகிய அடைகள் பெயரின் முன் நிற்கும் பாங்கையும், ‘முக்காணி’, ‘மும்மா’ என வருமொழிக்கேற்பத் திரியும் பாங்கையும் நூற்பா இன்றியே கற்றான். ‘மூன்று’ என்னும் சொல் ககரத்தின் முன் ஒருவாறும் மகரத்தின் முன் வேறுவாறும் முடிவதை அவன் நாவே அறிந்திருந்தது.

இச்சொற்கள் வெறும் எண்களுமல்ல. மா, காணி என்பன நிலத்தின் பெயர்களும் ஆகும். தஞ்சைப் பகுதியில் இருபது மா ஒரு வேலி. நூறு குழி ஒரு மா. எண்ணில் இருபதில் ஒன்று மா. வேலியில் இருபதில் ஒன்றும் மா. காணி என்னும் சொல் பின்னத்தையும் நிலத்தையும் நிலவுரிமையையும் ஒருங்கே குறித்தது. நாணயத்திலும் இப்பொருத்தம் உண்டு. கம்பெனி ஆட்சியின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் 42 பணம் ஒரு வராகன், 80 காசு ஒரு பணம் என்ற கணக்கு வழங்கியது. அதன்படி ஒரு காசு என்பது பணத்தில் காணி. பள்ளியில் ‘காணி’ என்று வாசித்த சிறுவன், தந்தை நிலத்தைப் பற்றிப் பேசுகையிலும் கடைக்காரர் சில்லறை தருகையிலும் அப்பின்னத்தை மீண்டும் சந்தித்தான்.

4. நெல்லிலக்கம்: புணர்ச்சியும் வாசிப்பும்

நெல்லிலக்கம் முகத்தலளவைகளின் பெயரையும் குறியீட்டையும் படிமுறையில் தருவது. அதன் அடிப்படை வாய்பாடு: 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். குறுணிக்கு மரக்கால் என்பதும் பெயர். இக்கணக்கின்படி ஒரு நாழியில் 14,400 நெல்மணிகளும் ஒரு கலத்தில் 13,82,400 நெல்மணிகளும் அடங்கும். வாய்பாடு நெல்மணியில் தொடங்குவது சிறுவர் கல்விக்கு இயைந்தது; அவன் விரலால் எண்ணத்தக்க ஒன்றிலிருந்து களஞ்சிய அளவுவரை இடைவெளியின்றிச் செல்கிறது.

இப்படிநிலைகள் சீரான மடங்குகளல்ல. ஐந்து, இரண்டு, எட்டு, மூன்று என மாறிவருவன. எனவே ஒவ்வொரு பெயரையும் அதன் அண்டைப் பெயரோடு சேர்த்தே நினைவில் கொள்ளவேண்டும். சொல்லின் பொருள் அதன் உறவில் அமைகிறது என்பதை இவ்வாய்பாடு நடைமுறையில் உணர்த்தியது.

வாசிப்புப் பயிற்சி என்ற வகையில் நெல்லிலக்கத்தின் பங்கு இன்னும் கூர்மையானது. ஐந்து கலம், ஒரு தூணி, ஒரு பதக்கு, நான்கு நாழி என்னும் அளவைக் கல்வெட்டு மரபில் எழுதினால் ‘ஐங்கலனே தூணிப்பதக்கு நானாழி’ என அமையும். இதனை வாசிப்பவன் முதலில் சொற்களைப் பிரித்தறிய வேண்டும். பின் ஒவ்வொன்றின் மதிப்பையும் கூட்ட வேண்டும். கலத்துக்கு 96 நாழியாக ஐந்து கலம் 480 நாழி, தூணி 32, பதக்கு 16, நானாழி 4, ஆக 532 நாழி. பிரித்தறிவதில் பிழை நேர்ந்தால் நெல்லில் பிழை நேரும். வாசிப்பின் பிழை உடனே புலப்படும் இத்தகைய பாடம் வேறொன்றைச் சுட்டுவது கடினம்.

தமிழ் இலக்கண மரபு இப்புணர்ச்சிகளுக்குத் தந்த இடம் ஈண்டு நினைக்கத்தக்கது. தொல்காப்பியத் தொகைமரபு அளவுப்பெயர், நிறைப்பெயர்களின் முதலெழுத்துகள் இவையென வரையறுக்கிறது. பேரளவைத் தொடர்ந்து சிற்றளவு வருகையில் இடையே ஏகாரச் சாரியை தோன்றுவதையும் கூறுகிறது. மேற்காட்டிய ‘கலனே’ என்பது அவ்வகையது. தூணியின்முன் பதக்கு புணர்வதற்குத் தனி விதி உண்டு. எண்ணுப்பெயர்கள் அளவுப்பெயரோடு புணர்வதைக் குற்றியலுகரப் புணரியல் விரிவாகப் பேசுகிறது. இலக்கண நூலார் இவ்வளவு கருத்துச் செலுத்தியதற்கு வழக்கில் அச்சொற்றொடர்களுக்கு இருந்த பெருவரவே காரணம் எனலாம். திண்ணைச் சிறுவன் தொல்காப்பியத்தைப் படிக்கவில்லை. அது விதித்த முடிபுகளில் ஒரு பகுதியை நெல் அளக்கும் சொற்களாகவே அவன் பெற்றான்.

குறியீடுகளின் வாசிப்பும் இங்கே சேர்க்கத்தக்கது. பின்னங்கள், அளவைகள், நாணயங்கள், வரவு, பற்று, நன்செய், புன்செய், உப்பளம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் இருந்தன. ஒரு குறி ஒரு முழுச்சொல்லாக வாசிக்கப்பட்டது. நெடுங்கணக்கை மட்டும் கற்றவனுக்குக் கணக்கோலை புரியாது. எழுத்தை ஒலியாக்குவதும் குறியைச் சொல்லாக்குவதும் வேறுவேறு திறன்கள். பத்திரமும் கணக்கும் வாசிக்க இரண்டும் வேண்டும்.

பள்ளியின் சொல் களத்தில் மாறி ஒலித்ததும் உண்டு. நெல் அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லியே எண்ணிக்கையைத் தொடங்குவது வழக்கம். எண்ணுச்சொல் சூழலால் மங்கல வழக்காக மாறுவதைக் களத்துமேட்டில் நின்ற சிறுவன் கேட்டறிந்தான்.

5. கணக்கும் கதையும்

இலக்கங்களை மனத்தில் பதித்தபின் அவற்றை வாழ்வின் சூழலில் வைத்துப் பார்க்கும் கட்டம் வருகிறது. அதற்குத் துணையானவை வினாக்கணக்குகள். கொறுக்கையூர்க் காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் இவ்வகையில் புகழ்பெற்றது. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் இதனைச் சுவடிகளிலிருந்து தொகுத்து 1998இல் வெளியிட்டது. நிலம், பொன், நெல், அரிசி, கல், கால் என்னும் வழிகளும் பொதுவழியும் என அந்நூல் பகுக்கப்பட்டுள்ளது. இன்றைய பாடநூல் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எனச் செயலால் பகுக்கும். கணக்கதிகாரம் புழங்கும் பொருளால் பகுக்கிறது. பொருள்வாரியான இப்பகுப்பு நிகண்டு மரபுக்கு நெருக்கமானது.

வினாக்கள் சிறு நிகழ்ச்சிகளாக அமைவது இம்மரபின் இயல்பு. பலாப்பழத்தைப் பிளவாமலே அதன் சுளைகளை அறியும் வழி ஓர் எடுத்துக்காட்டு: காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும் என்கிறது அது. முட்கள் நூறாயின் சுளை நூற்றிருபது. பழம் வாங்குபவன் உள்ளிருப்பதை அறிய விரும்புகிறான். விற்பவன் பிளந்துகாட்ட விரும்பவில்லை. ஒரு வாணிகச் சூழல் முழுதும் அவ்வினாவுக்குள் அடங்கியுள்ளது. விடை எப்போதும் துல்லியமாக அமையுமா என்பது வேறு வினா. சுளை, காம்பு, முள் என்னும் சொற்களும், கொள்வோன் கொடுப்போன் என்னும் நிலைகளும் சிறுவன் மனத்தில் ஒருசேரப் பதிகின்றன என்பதே கல்வி நோக்கில் இன்றியமையாதது.

உரைநடைக் கதைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளி வாசிப்புக்கு வந்தன. தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழாக்கிய பஞ்சதந்திரக் கதை 1826இல் அச்சாகி நெடுங்காலம் பாடநூலாக நிலைத்தது. பஞ்சதந்திர மரபில் பணமும் பண்டமாற்றும் பற்றிய கதைகள் பல. நண்பனிடம் ஒப்படைத்த இரும்பை எலி தின்றதென்று கேட்டவன், அந்நண்பனின் மகனைப் பருந்து தூக்கிச் சென்றதென்று மறுமொழி கூறி இரும்பை மீட்கிறான். மற்றொரு கதையில் உமி நீக்கிய எள்ளைக் கொடுத்து உமி நீக்காத எள்ளை அதே அளவுக்குக் கேட்கிறாள் ஒருத்தி. தனக்கு நட்டமான மாற்றை ஒருவர் தாமே முன்வந்து கேட்டால் அதற்கொரு காரணம் இருக்கவேண்டும் என்று கேட்பவர் ஐயுறுகின்றனர். அடைக்கலப்பொருள், ஈடு, மாற்று, வட்டி, பொய்ச்சான்று முதலிய சொற்களின் பொருளை இத்தகைய கதைகள் நிகழ்ச்சியின் வழியே விளக்கின.

இலக்கச் சுவடி அளவைப் பெயரைத் தந்தது. வினாக்கணக்கு அப்பெயரை ஒரு செயலில் வைத்தது. கதை அச்செயலின் நேர்மையைப் பற்றிக் கேட்டது. இவை ஒரே ஆசிரியரால் திட்டமிடப்பட்ட பாடத்திட்டமன்று, வெவ்வேறு காலத்தவை. எனினும் ஒரே சொற்களத்தில் இவை சந்தித்தன.

6. நாணயமும் அளவையும் மாறியபோது

1799 உடன்படிக்கையால் தஞ்சை அரசின் ஆட்சிப்பகுதி கம்பெனி வசமானது. அடுத்த நூற்றாண்டில் வரியும் ஆவணமும் பள்ளியும் படிப்படியாக மாறின. 1818இல் சென்னை மாகாணத்தில் வராகனுக்கு மாற்றாக வெள்ளி ரூபாய் கணக்கு நாணயமாக்கப்பட்டது. மூன்றரை ரூபாய் ஒரு வராகன் எனக் கொள்ளப்பட்டது. 1835இல் கம்பெனி ஆட்சிப்பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாய் வந்தது. பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு பை ஓர் அணா.

தமிழ்ப் பின்னச்சொற்களில் இம்மாற்றத்தின் விளைவு ஒரே சீராக இல்லை. அச்சொற்கள் இரண்டு நிரல்களாக அமைந்தவை. மா, காணி, முந்திரி என்பன இருபதை ஒட்டியவை. மாகாணி, அரைக்கால், கால், அரை என்பன பதினாறை ஒட்டியவை. ரூபாய் பதினாறாகப் பகுக்கப்பட்டதால் இரண்டாம் நிரல் புதிய நாணயத்திலும் பொருந்தியது. ஓரணா என்பது மாகாணி ரூபாயே. முதல் நிரல் நாணயத்தில் தன் பற்றுக்கோட்டை இழந்து நிலவழக்கில் ஒதுங்கியது. தஞ்சைச் சிற்றூர்களில் ‘மா’ இன்றும் வழங்க, முந்திரி என்னும் பின்னப்பெயர் முற்றாக மறைந்ததன் காரணம் இங்கே உள்ளது. 1957 ஏப்பிரல் 1இல் பதின்ம நாணயம் வந்தபோது மாகாணியும் தன் இடத்தை இழந்தது. தொடர்ந்து வந்த மெட்ரிக் அளவைகள் நாழியையும் மரக்காலையும் அலுவல் வழக்கிலிருந்து நீக்கின. அரையும் காலும் முக்காலும் மட்டும் எஞ்சின.

பள்ளியிலும் இதற்கிணையான பிரிவு நிகழ்ந்தது. அரசு மானியமும் தேர்வும் நுழைந்தபின் மொழிப்பாடம் ஒரு நூல், எண்கணிதம் வேறொரு நூல் என்றாயிற்று. மொழிநூலில் கதையும் நீதியும் இருந்தன. அளவைச் சொல் இல்லை. எண்கணித நூலில் எண்ணும் செயலும் இருந்தன. அவை இந்து-அரபு இலக்கங்களில் எழுதப்பட்டதால் வாசிக்கவேண்டிய சொல் குறைந்தது. புதிய எண்முறை கணக்கிட எளிது, எங்கும் செல்லும். அதன் பயனை மறுப்பதற்கில்லை. இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது: ஒரே சொல்லில் எண்ணும் எழுத்தும் பொருளும் கூடிநின்ற பாடம் மறைந்தது.

7. மரக்காலை வாசிக்க முடிந்தவரும் முடியாதவரும்

இக்கல்வி எல்லாருக்கும் உரியதாக இருந்ததில்லை. படுகையில் நெல் விளைத்தோருள் பெரும்பகுதியினரான ஒடுக்கப்பட்ட சாதிப் பண்ணையாட்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமில்லை. பெண்குழந்தைகளும் மிக அரிதாகவே கற்றனர். நெல் அளக்கும் சொற்களை ஓலையில் வாசித்தவர் கணக்குப்பிள்ளையும் மிராசுதாரின் மகனும் ஆவர். அச்சொற்களின்படி கூலி பெற்றவர் அவற்றை வாசிக்க முடியாதவர்.

அளவையில் நேரும் சிறு வேறுபாடும் கூலியைப் பாதிக்கும். எட்டு நாழி கொள்ளவேண்டிய மரக்கால் ஏழரை நாழியே கொள்ளுமாயின், அதனால் அளந்த பன்னிரு மரக்காலில் ஆறு நாழி, அதாவது முக்கால் குறுணி, குறைந்துவிடும். கணக்கேட்டில் அது ஒரு கலம் என்றே எழுதப்படும். சொல் மாறாமல் பொருள் மட்டும் மாறும் இவ்விடத்தில் எழுத்தறிவு மட்டும் போதாது. சொல்லையும் கருவியையும் ஒப்பிட்டு வினவும் உரிமையும் வேண்டும். ‘ஆடவல்லான்’ என மரக்காலுக்குப் பெயரிட்டு எழுதிய சோழர் கல்வெட்டும், முத்திரையிட்ட மரக்காலால் கூலி அளக்கவேண்டும் என்று 1940களில் தஞ்சை விவசாயிகள் சங்கம் எழுப்பிய கோரிக்கையும் ஒரே சிக்கலைத் தொடுவன. முன்னது கோயிலின் உரிமையைக் காத்தது. பின்னது உழைப்பவரின் உரிமையைக் கேட்டது.

1944 மன்னார்குடி ஒப்பந்தம் சாட்டையடியையும் சாணிப்பால் தண்டனையையும் விலக்கியதோடு கூலியையும் பேசியது. 1952இல் தஞ்சாவூர் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 திசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின்னணியாக இருந்த கோரிக்கைகளுள் முதன்மையானது கூலி நெல்லின் உயர்வு. அக்காலத்துக்குள் மரக்கால் லிட்டராகிவிட்டது. அளவையின் பெயர் மாறியபோதும் அளப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான உறவு மாறியிருக்கவில்லை. அளவைச் சொற்களின் கல்வி வரலாற்றை எழுதுவோர் இந்த முனையைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன: பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் எண்ணைக் கற்பித்த அளவுக்குச் சொல்லையும் கற்பித்தன. மாகாணி முதலிய பெயர்கள் சொல்லாக்கத்தையும், நானாழி முதலிய தொடர்கள் புணர்ச்சியையும், கணக்குக் குறிகள் வாசிப்பையும் பயிற்றின. அவற்றின் பொருள் பள்ளிக்கு வெளியே களத்திலும் கடையிலும் வாசலிலும் இருந்தது. எனவே பள்ளியை மட்டும் கண்டோர்க்கு அது பொருளற்ற மனப்பாடமாகத் தோன்றியது. நாணய, அளவைச் சீர்திருத்தங்கள் அப்புறச்சூழலை மாற்றியதும் சொற்கள் பள்ளியில் நிலைக்க வழியில்லாமற் போயிற்று. அதேபோது அச்சொற்களால் வாழ்வு அளக்கப்பட்டவர்களுக்கே அவை கற்பிக்கப்படவில்லை என்பதால் இம்மரபைப் பொற்காலமாகப் போற்றவும் இயலாது.

தமிழ்ப் பின்னங்கள், அளவைகள், நாணயங்கள், நில வகைகள் ஆகியவற்றின் குறிகள் 2019இல் ஒருங்குறியில் இடம்பெற்றன. தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடக்க வகுப்புகளில் இரு திறன்களையும் இணைத்து நோக்குகிறது. குறிகளை மீட்பதும் திறன்களை இணைப்பதும் வரவேற்கத்தக்கன. ஆயினும் காவிரிப் படுகையின் வரலாறு கூறும் பாடம் இவ்விரண்டோடு நிற்பதில்லை. குழந்தை தன்னைச் சுற்றிக் கைமாறும் பொருளின் பெயரை வாசிக்கும்போது சொல் நிலைக்கிறது; அப்பொருள் சரியாக அளக்கப்பட்டதா என்று கேட்கவும் இயலும்போதே அக்கல்வி நிறைவு பெறுகிறது. முந்தையதைத் திண்ணைப் பள்ளி சிலர்க்கு மட்டும் அளித்தது. பிந்தையதை, பள்ளிக்கு வெளியே நின்றவர்கள் முத்திரை மரக்காலைக் கேட்டுப் போராடித் தாமே கற்றனர்.